பழைய அமெரிக்கக் கார்களும் அவற்றின் உருவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கக் கார்கள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பித்து. வேலை, வீடு எல்லாம் டெட்ராய்ட் பக்கம் அமைந்துவிட்டதால் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், கூட வேலை செய்யும் தம்பிகள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்று பலரும் இவற்றைப் பற்றிக் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். இன்ஜினைவிட உருவத்தைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன். என் மனது நிற்பது அங்கேதான்.

எந்தக் காலத்துக் காரை ‘கிளாசிக்’ என்று சொல்வீர்கள்?

ஆளுக்கு ஒரு கணக்கு. 1952-இல் தொடங்கிய அமெரிக்க கிளாசிக் கார் கிளப், 1915 முதல் 1948 வரை வந்த உயர்ரகக் கார்களை மட்டுமே ஏற்கிறது. 1935-இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கால வாகனக் கழகம், 25 வயதான எந்த வாகனத்துக்கும் இடம் தருகிறது. நான் 1927-இல் தொடங்கி 1973-இல் நிறுத்துவேன். 1927-இல்தான் ஜெனரல் மோட்டார்ஸ் உருவத்துக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை வைத்தது. 1973 மாடல்களிலிருந்து, மெதுவான மோதலைத் தாங்கும் பம்பர் வேண்டும் என்ற விதி வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் எண்ணெய் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பின்னும் நல்ல கார்கள் வந்தன. ஆனால் உருவத்தைத் தீர்மானிக்கிற அதிகாரம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அதற்கு முன் கார்கள் அழகாக இல்லையா? உருவத்துக்குத் தனிப் பிரிவு ஏன் தேவைப்பட்டது?

பணக்காரர்களின் கார்கள் அழகாகவே இருந்தன. சேஸிஸை, அதாவது இன்ஜினும் சக்கரமும் பூட்டிய அடிச்சட்டத்தை, ஒரு நிறுவனத்திடம் வாங்கி, மேல்கூட்டைத் தனிப் பட்டறையில் கொடுத்துக் கட்டிக்கொள்வார்கள். சாதாரண ஆள் வாங்கிய கார் வேறு. ஃபோர்டின் மாடல் டி 1908-இல் வந்து, 1927 வரை ஒன்றரைக் கோடி தயாரானது. 1914 முதல் 1925 வரை கறுப்பு மட்டும்தான். விலை குறைந்துகொண்டே வந்தது, உருவம் பெரிதாக மாறவில்லை.

இருபதுகளின் நடுவில், கார் வாங்க வசதியிருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கார் வாங்கி முடித்திருந்தார்கள். இனி, ஏற்கெனவே கார் வைத்திருப்பவரிடம்தான் புதுக் கார் விற்க வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் இதை மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டார். செவர்லே, பான்டியாக், ஓல்ட்ஸ்மொபில், பியூக், கேடிலாக் என்று ஒரு வரிசை. சம்பளம் ஏறினால் அடுத்த படிக்குப் போகலாம். நன்றாக ஓடுகிற காரை ஒருவர் மாற்ற வேண்டுமென்றால், புதியது பார்த்தவுடன் பிடிக்க வேண்டும். நிறத்துக்கு டூபான்ட் நிறுவனத்தின் டூகோ பெயிண்ட் கைகொடுத்தது. பழைய வார்னிஷ் பூச்சு முடிய வாரக்கணக்கில் ஆகும். டூகோ மணிக்கணக்கில் காய்ந்தது. 1923-இல் ஓக்லாண்டு கார்கள் அந்தப் பெயிண்ட்டில் நீல நிறத்தில் வந்தன.

உருவத்துக்கு ஹார்லி ஏர்ல் கிடைத்தார். 1893-இல் ஹாலிவுட்டில் பிறந்தவர். அவர் அப்பா வைத்திருந்தது கோச்சு வண்டிகள் கட்டிய பட்டறை. பிறகு அங்கே சினிமா நட்சத்திரங்களுக்குக் கார் கட்டிக் கொடுத்தார்கள். கேடிலாக்கின் தலைவர் லாரன்ஸ் ஃபிஷர் அந்த வேலையைப் பார்த்து அவரை டெட்ராய்ட்டுக்கு அழைத்தார். ஏர்ல் செய்த 1927 லாசால் கார் நல்ல பெயர் வாங்கியது. அதே ஆண்டு ஸ்லோன் ‘கலை, வண்ணப் பிரிவு’ என்று ஒன்றைத் தொடங்கி அவரைத் தலைவராக்கினார். 1958-இல் ஓய்வு பெறும்வரை அந்த நாற்காலியில் அவர்தான். ஐம்பதுகளில் அமெரிக்காவில் விற்ற கார்களில் ஏறத்தாழ பாதிக்கு உருவம் அவர் பார்வையின் கீழ்தான் முடிவானது. ஒரு மனிதரின் ரசனை இவ்வளவு பேர் வீட்டு வாசலில் நின்றது வேறு எந்தத் தொழிலிலும் இருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன், எதுவும் தோன்றவில்லை.

ஏன் இவ்வளவு நீளம்? ஏன் இவ்வளவு தாழ்வு?

ஏர்ல் இதை வெளிப்படையாகவே சொன்னார். தன்னுடைய முதல் நோக்கம் அமெரிக்கக் காரை நீட்டுவதும் தாழ்த்துவதும்தான். நிஜத்தில் முடியாவிட்டால் பார்வைக்காவது அப்படித் தெரிய வேண்டும். சதுரத்தைவிட நீள்சதுரம் கண்ணுக்கு அழகு என்பது அவர் கட்சி.

கூரையை வெட்டினால் கார் தாழ்ந்துவிடாது. இருபதுகளின் கார்களில் பின்சீட்டு பின் அச்சுக்கு மேலேயே இருந்தது. அச்சுக்கு மேல் ஆள் உட்கார்ந்தால் கூரை உயர்ந்துதானே ஆக வேண்டும்? முப்பதுகளில் இன்ஜினை முன் அச்சை நோக்கித் தள்ளினார்கள். அதனால் சீட்டுகளும் முன்னே நகர்ந்து, பின்சீட்டு அச்சுக்கு முன்னால் இறங்க இடம் கிடைத்தது. பின் அச்சில் ஹைப்பாய்டு என்ற வகை கியர் வந்தபோது, இன்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு தாழ்ந்தது. அதனால் தரையும் தாழ முடிந்தது. 1948 ஹட்சனில் தரையையே சேஸிஸ் சட்டங்களுக்கு நடுவில் கீழே இறக்கிவிட்டார்கள். அந்தக் காருக்குள் ஏறுவதில்லை, இறங்க வேண்டும். எடை கீழே வந்ததால் வளைவில் அது சாயாமல் நின்றது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஹட்சன் ஹார்னெட் நாஸ்கார் பந்தயங்களில் ஜெயித்துக் குவித்ததற்கு இதுவும் காரணம். அழகுக்காகத் தேடிய தாழ்வு ஓட்டத்துக்கும் உதவிய இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

நீளத்துக்கு அப்படி ஒரு நியாயம் கிடையாது. 1959 கேடிலாக்கின் நீளம் 225 அங்குலம், அதாவது 5.7 மீட்டர். நம் அம்பாசடரைவிட ஏறத்தாழ 1.4 மீட்டர் கூடுதல்.

களிமண்ணில் கார் செய்வார்கள் என்பது உண்மையா?

உண்மை, இன்றும் செய்கிறார்கள். இது குயவர் களிமண் இல்லை. மெழுகும் எண்ணெயும் கலந்தது. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், தண்ணீர் இல்லாததால் காய்ந்து வெடிக்காது. முதலில் மரத்தால் ஒரு கூடு. அதன்மேல் சூடான களிமண்ணைக் கையால் அப்பி, இறுகியபின் தகடுகளாலும் வளைந்த கத்திகளாலும் சுரண்டிச் சுரண்டி உருவம் எடுக்க வேண்டும். பல சமயம் இடப்பக்கம் ஒரு யோசனை, வலப்பக்கம் இன்னொரு யோசனை என்று ஒரே மாதிரியில் இரண்டையும் செய்து பார்ப்பார்கள். கடைசியில் பெயிண்ட் மாதிரிப் பளபளக்கும் மெல்லிய தாளை மேலே ஒட்டி, வெளியே வெயிலில் உருட்டிக்கொண்டு போய் நிறுத்துவார்கள்.

வெயிலில் நிறுத்துவதுதான் முக்கியம். காகிதத்தில் வரைந்த கார் எப்போதும் பொய் சொல்லும். சக்கரம் பெரிதாக இருக்கும், கூரை ஒரு கோடாக இருக்கும், உள்ளே உட்காரும் ஆள் இருக்கமாட்டார். முழு அளவுக் களிமண்ணில் எதையும் மறைக்க முடியாது. வானத்தின் வெளிச்சம் பக்கவாட்டில் ஒரு நீண்ட கோடாக விழும். அந்தக் கோடு எங்கே நெளிகிறதோ அங்கே தகடும் நெளியும். டெட்ராய்ட்டை ஒட்டிய வாரனில் கட்டடக் கலைஞர் எரோ சாரினென் வடிவமைத்து 1956-இல் திறந்த ஜெனரல் மோட்டார்ஸ் தொழில்நுட்ப மையத்தில், இதற்கென்றே பெரிய குவிமாடக் கூடமும் திறந்தவெளி முற்றமும் கட்டினார்கள்.

ஏர்ல் தானே வரைந்து காட்டுகிறவர் இல்லை. ஆறு அடிக்கு மேல் நல்ல உயரம். மாதிரிக்கு எதிரே நின்று, இந்தக் கோடு கொஞ்சம் இறங்கட்டும், அந்த வளைவு இன்னும் இறுகட்டும் என்று சொல்வார். சுரண்டுகிறவர் சுரண்டுவார், மறுபடி பார்ப்பார்கள். அந்தச் சுரண்டிய கைகளின் பெயர் எந்தக் காரிலும் இல்லை. ஆனால் ஒரு பழைய பியூக்கின் மட்கார்டைக் கையால் தடவும்போது நாம் தொடுவது அவர்கள் வேலையைத்தான்.

நல்ல உருவம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி குரோமாகத்தான் தெரிகிறது.

முதலில் கிட்டே போகாதீர்கள். இருபது அடி தள்ளி, பக்கவாட்டில் நில்லுங்கள். முடிந்தால் கொஞ்சம் குனிந்து பாருங்கள். இந்தக் கார்கள் நின்று பார்க்கும் கண்ணைவிட உட்கார்ந்து பார்க்கும் கண்ணுக்கு அழகு.

முன்சக்கரத்துக்கும் முன்கதவுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அது நீளமாக இருந்தால், நிற்கும்போதே கார் கிளம்பத் தயாராக இருப்பதுபோல் தோன்றும். அடுத்து, கண்ணாடிப் பகுதியின் உயரத்தையும் அதற்குக் கீழே உள்ள தகட்டின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். கண்ணாடி சிறுத்துத் தகடு கனத்திருந்தால் கனம், கம்பீரம். கண்ணாடி விரிந்திருந்தால் லேசு. பிறகு மேல்விளிம்புக் கோட்டை ஹெட்லைட்டிலிருந்து டெயில் லைட் வரை கண்ணால் ஓட்டுங்கள். அது ஒரே மூச்சில் போகிறதா, நடுவில் விக்குகிறதா? 1949 பியூக்கில் பக்கவாட்டுக் குரோம் பட்டை முன்னிருந்து மெல்ல இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் தாழ்ந்து, சக்கரத்தைச் சுற்றி எழும். அந்தப் பெரிய உடம்பு அசையாமல் நின்றாலும் கண் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கும். 1955 செவர்லேயில் குரோம் பட்டைக்கு இன்னொரு வேலை: இரண்டு நிறங்கள் சேரும் இடத்தை மூடுவது. பட்டைக்கு மேலே ஒரு நிறம், கீழே இன்னொன்று. அந்தப் பிரிப்பில் காரின் உயரம் பாதியாகத் தெரியும்.

‘ஹார்டு டாப்’ என்று ஒரு வகை உண்டு. 1949-இல் பியூக் ரிவியேரா, கேடிலாக் கூப் டி வில், ஓல்ட்ஸ்மொபில் ஹாலிடே மூன்றும் அப்படி வந்தன. கூரை உண்டு, ஆனால் நடுத்தூண் கிடையாது. கண்ணாடிகளை எல்லாம் இறக்கிவிட்டால் முன்னிருந்து பின்வரை ஒரே திறப்பு. எனக்குக் கூரையை மடக்கித் திறக்கும் கன்வர்டிபிளைவிட இதுதான் அழகு. கூரையின் கோடு இல்லாமல் காரின் உருவம் முடிவதில்லை.

இவ்வளவையும் பார்த்தபின் கிட்டே போய் குரோமைப் பாருங்கள்.

பின்பக்கம் மீன் துடுப்பு மாதிரி எழும் அந்த ‘ஃபின்’ எதற்கு? ஏதாவது பயன் உண்டா?

போரையொட்டிய ஆண்டுகளில், மிச்சிகனின் செல்ஃப்ரிட்ஜ் விமானத்தளத்தில் லாக்ஹீட் பி-38 என்ற இரட்டைவால் போர்விமானத்தை ஏர்ல் தன் ஆட்களோடு போய்ப் பார்த்தார். அந்த வால் மனதில் தங்கி, 1948 கேடிலாக்கின் பின்மட்கார்டில் சின்னத் திமிலாக வந்தது. டெயில் லைட் வைக்க ஒரு மேடு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் முகம் சுளித்தவர்களும் உண்டு. ஆனால் பின்னாலிருந்து பார்த்தாலே கேடிலாக் என்று தெரிந்தது; அது விற்பனைக்கு உதவியது.

கிறைஸ்லர் தன் ஃபின்கள் பக்கக்காற்றில் காரை நிலைப்படுத்துகின்றன என்று விளம்பரம் செய்தது. சாதாரணச் சாலை வேகத்தில் அந்தப் பலன் ஓட்டுகிறவர் உணரும் அளவுக்கு இல்லை. போட்டியில் ஃபின் வருடா வருடம் வளர்ந்து, 1959 கேடிலாக்கில் உச்சத்துக்குப் போனது. நடுவில் இரண்டு கூர்முனைச் சிவப்பு விளக்குகள் வேறு. அடுத்த ஆண்டே இறங்கத் தொடங்கியது. 1965-க்குள் கேடிலாக்கிலேயே ஏறக்குறைய மறைந்துவிட்டது. எல்லோரும் போட்டோ எடுப்பது 1959-ஐத்தான். நான் 1948-இன் பக்கம். அந்தச் சின்ன மேட்டில் ஒரு யோசனை முழுதாக இருக்கிறது.

1957 கிறைஸ்லர் கார்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

வர்ஜில் எக்ஸ்னர் என்ற வடிவமைப்பாளருக்காக. அதுவரை கிறைஸ்லர் பொறியாளர்களின் கம்பெனி. 1934-இல் காற்றுச் சுரங்கத்தில் சோதித்துக் கட்டிய ஏர்ஃப்ளோ கார் நல்ல கார்தான், ஆனால் உருண்ட முகம் மக்களுக்குப் பிடிக்காமல் தோற்றது. அந்த அடிக்குப் பிறகு இருபது ஆண்டுகள் தைரியம் வரவில்லை. எக்ஸ்னர் 1955-இல் ஒரு புதுத் தோற்றம் கொடுத்தார். 1957-இல் எல்லோரையும் திகைக்க வைத்தார். தாழ்ந்த கூரை, மெல்லிய தூண்கள், முன்னிருந்து பின்னுக்கு ஏறிக்கொண்டே போகும் ஆப்பு போன்ற பக்கவாட்டு. திடீரென்று 1960 வந்துவிட்டது என்று கிறைஸ்லரின் பிளிமத் காருக்கான விளம்பரமே சொன்னது.

1956 கோடையில் ஜெனரல் மோட்டார்ஸின் இளம் வடிவமைப்பாளர் சக் ஜோர்டன், தொழிற்சாலைக்கு வெளியே வேலிக்குள் நின்ற அந்தப் புதுப் பிளிமத்களைப் பார்த்துவிட்டார். ஏர்லின் மேற்பார்வையில் தங்கள் அறையில் தயாராகிக்கொண்டிருந்த 1959 மாடல்கள் கனத்து, குரோம் வழிந்து, பழசாகத் தெரிந்தன. ஏர்ல் வெளிநாட்டில் இருந்த சமயம் அது. ஏர்லுக்கு அடுத்த நிலையில் இருந்த பில் மிட்செல் தலைமையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட்டார்கள். திரும்பி வந்த ஏர்ல் பார்த்துவிட்டு மறுக்கவில்லை. அப்படிப் பார்த்தால் 1959 கேடிலாக்கின் ஃபின்னுக்குப் பாதிக் காரணம் ஒரு பிளிமத்.

ஒரு வருத்தமும் உண்டு. அந்த 1957 கார்களை அவசரமாகக் கட்டினார்கள். தண்ணீர் ஒழுகியது, துரு சீக்கிரம் பிடித்தது. அதனால்தான் நல்ல நிலையில் இன்று ஒன்றைப் பார்ப்பது அரிது.

எட்செல் தோற்றது அந்த விசித்திர முகத்தால்தானா?

அது மட்டும் இல்லை. ஃபோர்டு நிறுவனத்தின் எட்செல் 1957 செப்டம்பர் 4 அன்று பெரிய ஆரவாரத்தோடு வந்தது. அடுத்த ஆண்டு பொருளாதார மந்தம். நடுத்தர விலைக் கார்கள் எல்லாமே அடி வாங்கின. விலையில் அது ஃபோர்டின் இன்னொரு காரான மெர்க்குரியோடு மோதியது. ஃபோர்டு, மெர்க்குரி ஆலைகளில் இடையிடையே கட்டியதால் தரமும் சீராக இல்லை. 1959 நவம்பரில் நிறுத்தினார்கள். முகப்பின் நடுவில், காற்று நுழைவதற்காகச் செங்குத்தாக நிற்கும் அந்த கிரில்லை நான் வெறுக்கவில்லை. எதிரே வரும் நூறு கார்களில் அதைத் தனியாக அடையாளம் காண முடிந்தது. வடிவமைத்தவர்கள் கேட்டதும் அதைத்தான்.

உங்களுக்கு மிகவும் பிடித்த கார் எது?

மூன்று சொல்கிறேன்.

1936 கோர்டு 810. இந்தியானாவில் கட்டியது, வடிவம் கோர்டன் பியூரிக். முன்சக்கர ஓட்டம் என்பதால் தரை தாழ்ந்தது. கதவுக்குக் கீழே ஏறுபடியே தேவைப்படவில்லை. ஹெட்லைட்டுகள் மட்கார்டுக்குள் மறைந்திருக்கும். டேஷ்போர்டில் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் வெளியே வரும். கிரில்லுக்குப் பதில் முகத்தைச் சுற்றிக் கிடைக்கோடுகள். பக்கத்தில் நிற்கும் மற்ற 1936 கார்களைப் பார்த்தால் இதைச் செய்தவருக்கு எவ்வளவு துணிச்சல் என்று புரியும்.

1953 ஸ்டூட்பேக்கர் கூபே. வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியின் குழுவில் பாப் பர்க் செய்தது. குரோம் கிட்டத்தட்ட இல்லை. மூக்கு கீழே சரிந்து, பக்கவாட்டில் ஒரு மெல்லிய மடிப்பு மட்டும். டெட்ராய்ட் முழுக்க ஆடம்பரத்தில் இருந்தபோது, சவுத் பெண்டில் ஒரு சின்ன நிறுவனம் இப்படி அடக்கமாக ஒன்றைச் செய்தது. செடான்தான் அதிகம் விற்கும் என்று நினைத்து அதையே அதிகம் கட்டத் திட்டமிட்டார்கள். மக்கள் கூபேயைக் கேட்டார்கள். சேஸிஸ் நெகிழ்ந்து முன்பக்கத் தகடுகள் பொருந்தாமல் உற்பத்தியும் தாமதமானது. 1963 டிசம்பரில் சவுத் பெண்ட் ஆலையில் கார் கட்டுவதே நின்றுபோனது. இந்தக் காரைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு வலிக்கும்.

1961 லிங்கன் கான்டினென்டல். எல்வுட் எங்கல் முதலில் இதை தண்டர்பேர்டுக்கான யோசனையாகச் செய்தார். ஃபோர்டின் ராபர்ட் மெக்னமாரா களிமண் மாதிரியைப் பார்த்து, இதையே நான்கு கதவு லிங்கனாக்க முடியுமா என்று கேட்டார். முந்தைய ஆண்டு லிங்கனைவிட ஏறத்தாழ 15 அங்குலம் குட்டை. பக்கவாட்டு ஒரே தட்டையான பரப்பு. அதன் மேல்விளிம்பில் ஒரே ஒரு குரோம் கோடு முன்னிருந்து பின்வரை. பின்கதவு பின்னால் கீல் போட்டு எதிர்ப்பக்கம் திறக்கும். ஃபின்களுக்கு யாரும் இரங்கல் எழுதத் தேவைப்படவில்லை, இந்தக் கார் வந்ததும் அவை பழசாகிவிட்டன. கென்னடி சுடப்பட்டபோது பயணித்த கார் இந்த மாடலை நீட்டிக் கட்டியதுதான். இப்போது டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

இவற்றைச் செய்தவர்கள் எல்லோரும் வெள்ளைக்கார ஆண்கள்தானா?

பெரும்பாலும் ஆமாம். ஆனால் எல்லோரும் இல்லை. நாஜிகள் பிடித்த பிரான்ஸிலிருந்து தப்பி வந்த ஹெலன் ரோதர் 1943-இல் ஜெனரல் மோட்டார்ஸில் உட்புற வடிவமைப்புக்குச் சேர்ந்தார். பிறகு நாஷ் கார்களின் உட்புறங்களைச் செய்தார். ஐம்பதுகளில் ஏர்ல் ஒரு சிறு குழுவாகப் பெண்களை வேலைக்கு எடுத்தார். அவர் ஓய்வு பெற்றதும் வந்த மிட்செல் அவர்களை ஆதரிக்கவில்லை. சுசேன் வேண்டர்பில்ட் போன்ற ஒரு சிலரே நிலைத்தார்கள். மெக்கின்லி தாம்ப்சன் 1956-இல் ஃபோர்டில் சேர்ந்த முதல் கறுப்பின வடிவமைப்பாளர். முதல் பிரான்கோவின் உருவத்தில் அவர் பங்கு உண்டு. 1963 கார்வெட் ஸ்டிங் ரேயின் வடிவத்தில் முக்கியப் பங்கு லாரி ஷினோடாவுக்கு. ஜப்பானிய அமெரிக்கர் என்பதற்காகப் போர்க்காலத்தில் மான்சனார் முகாமில் அடைக்கப்பட்ட சிறுவன் அவர். அமெரிக்கா தன் அடையாளமாகக் காட்டிக்கொள்ளும் காரை அவர் கையில் கொடுத்தது வரலாறு.

வருடா வருடம் உருவத்தை மாற்றியது வீண் செலவு இல்லையா?

வீண்தான். ஃபிஷர், கிரிலிசஸ், கேசன் என்ற மூன்று பொருளியலாளர்கள் 1962-இல் இதைக் கணக்குப் போட்டார்கள். 1949 மாடல்களையே தொடர்ந்து கட்டியிருந்தால் என்ன மிச்சமாகியிருக்கும் என்பது கேள்வி. 1956 முதல் 1960 வரை ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் என்று வந்தது. பெரிய இன்ஜின், கூடுதல் பெட்ரோல், அச்சுவார்ப்புகளை மாற்றும் செலவு எல்லாம் சேர்ந்து.

இதை மறைத்துவிட்டு இந்தக் கார்களைக் கொண்டாட எனக்கு மனம் வராது. பழையதை வெட்கப்பட வைத்துப் புதியதை விற்ற ஒரு ஏற்பாடு இது. ஆனால் அதே ஏற்பாடுதான், இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் அறைக்குள் உட்கார்ந்து அடுத்த ஆண்டு வேறு மாதிரி என்ன செய்யலாம் என்று மட்டும் யோசிக்கச் சம்பளம் கொடுத்தது. அந்த 1953 ஸ்டூட்பேக்கரும் 1961 லிங்கனும் அந்தப் பணத்தில் வந்தவை. இரண்டையும் பிரித்துப் பார்க்க என்னால் முடியவில்லை.

ஓட்ட எப்படி இருக்கும்?

சோபாவில் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி. முன்னால் ஒரே நீளச் சீட்டு, மூன்று பேர் உட்காரலாம். மெல்லிய பெரிய ஸ்டீயரிங். பவர் ஸ்டீயரிங் இருந்தால் ஒரு விரலால் திரும்பும், ஆனால் சக்கரம் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியாது. கியர் ஸ்டீயரிங் தண்டில். வி-8 இன்ஜின் மெதுவாக உறுமி, அவசரமில்லாமல் இழுக்கும். பள்ளத்தில் கார் குதிக்காது, படகு மாதிரி மிதந்து அடங்கும். மலைப்பாதையில் இறங்கும்போது டிரம் பிரேக் சூடாகிப் பிடி குறையும். அதை மனதில் வைத்தே ஓட்ட வேண்டும். வளைந்த விண்ட்ஷீல்டு உள்ள ஐம்பதுகளின் கார்களில் ஏறும்போது முழங்கால் ஜாக்கிரதை, தூண் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் காலத்துத் தகடு கனமானது, விபத்தில் இப்போதைய கார்களைவிடப் பாதுகாப்பு என்கிறார்களே?

தவறு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் 2009-இல் ஒரு 1959 செவர்லே பெல் ஏரையும் 2009 செவர்லே மாலிபுவையும் மணிக்கு 40 மைல் வேகத்தில் நேருக்கு நேர் மோதவிட்டது. பெல் ஏரின் ஓட்டுநர் இருக்கை நசுங்கிப்போனது. உள்ளே மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார். மாலிபு ஓட்டுநருக்குக் காலில் காயம் ஏற்பட்டிருக்கும், அவ்வளவே. பழைய காரில் அடியை உறிஞ்ச நசுங்கும் பகுதி இல்லை, ஸ்டீயரிங் தண்டு மடங்காது, பெரும்பாலும் சீட் பெல்ட் கிடையாது. 1966-இல் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின்தான் மடங்கும் ஸ்டீயரிங் தண்டும் சீட் பெல்ட்டும் கட்டாயமாகத் தொடங்கின. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு விரைவுச்சாலையில் போகாதீர்கள்.

கியூபாவில் மட்டும் ஏன் இவ்வளவு பழைய அமெரிக்கக் கார்கள்?

புரட்சிக்கு முன் அவர்கள் அமெரிக்காவிலிருந்து நிறைய வாங்கினார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் தடை வந்ததும் புதுக் காரும் பாகங்களும் நின்றன. இருந்தவற்றையே மெக்கானிக்குகள் உயிரோடு வைத்தார்கள். பலவற்றுக்குள் இப்போது ஓடுவது வேறு நாட்டு டீசல் இன்ஜின்.

இந்தியாவில் இவை இருந்தனவா?

இருந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-இல் மும்பை செவ்ரியில் செவர்லே கார்களைப் பூட்டத் தொடங்கியது. ஃபோர்டும் விடுதலைக்கு முன்பே மும்பை, கல்கத்தா, சென்னையில் இருந்தது. ஐம்பதுகளில் இரண்டும் கிளம்பிவிட்டன. மும்பை குர்லாவில் பிரீமியர் நிறுவனம் கிறைஸ்லர் உரிமத்தில் டாட்ஜ், பிளிமத், டிசோட்டோ கட்டியது. என் மாமாவின் ஷெட்டில் அப்படி ஒரு டாட்ஜ் கிங்ஸ்வே நின்றது. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும். பம்பரைச் சாம்பல் போட்டுத் துடைக்கிற வேலை எனக்கு. என் பித்து அங்கே தொடங்கியது.

வாங்கினால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

துருவை. இன்ஜினைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்யலாம், உள்ளிருந்து அரித்த கூட்டைச் சரிசெய்வதில் பணம் கரைந்துவிடும். கம்பளத்தைத் தூக்கித் தரையைப் பாருங்கள். டிக்கியின் தரை, கதவுக்குக் கீழே ஓடும் சட்டம், மட்கார்டின் அடிப்பகுதி எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, அல்லது அதன்மேல் தடிப்பாகப் புட்டி பூசியிருக்கிறார்கள்.

அடுத்து, குரோமும் கண்ணாடியும் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். 1955–57 செவர்லேக்கும் 1964-இல் வந்த முதல் மஸ்டாங்குக்கும் எல்லாப் பாகமும் புதிதாகக் கிடைக்கும். அதே காலத்து டிசோட்டோவுக்கு ஒரு குரோம் பட்டை தேடி வருடக்கணக்கில் அலைவார்கள். மறுபடி குரோம் ஏற்றுவது பெயிண்ட் வேலையைவிடச் செலவாகலாம். பெரும்பாலான கார்களில் 1967-க்கு முன் பிரேக் ஒரே சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். முதலில் அதை இரட்டைச் சுற்றாக மாற்றிவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைத் தின்னும், அவற்றையும் மாற்றுங்கள்.

முதல் கார் என்றால் நான்கு கதவு செடான் வாங்கச் சொல்வேன். எல்லோரும் இரண்டு கதவையும் கன்வர்டிபிளையும் துரத்துவதால் செடான் வெகு மலிவு. அப்புறம், பழைய பெயிண்ட் மங்கியிருந்தாலும் முதல் பூச்சாக இருந்தால் தயவுசெய்து சுரண்டாதீர்கள். புதுப் பூச்சு எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம், அந்தப் பழைய பூச்சு திரும்பக் கிடைக்காது.

நேரில் எங்கே பார்க்கலாம்?

அருங்காட்சியகம் என்றால், இந்தியானாவில் ஆபர்ன் ஊரில் உள்ள ஆபர்ன் கோர்டு டூசன்பெர்க் அருங்காட்சியகம் என் முதல் தேர்வு. அந்த நிறுவனத்தின் பழைய ஷோரூமிலேயே கார்கள் நிற்கின்றன. ஸ்டூட்பேக்கருக்கு சவுத் பெண்ட். மிச்சிகனில் ஹிக்கரி கார்னர்ஸ் என்ற இடத்தில் கில்மோர் அருங்காட்சியகம். பண்ணைநிலத்துக்கு நடுவில் பல கட்டடங்கள், ஒரு முழுநாள் வேண்டும். பாகங்கள் வாங்க, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில் அக்டோபரில் நடக்கும் பழைய கார்ச் சந்தை.

ஆனால் இந்தக் கார்கள் ஓடும்போது பார்க்க வேண்டும். ஆகஸ்ட் மூன்றாம் சனிக்கிழமை டெட்ராய்ட் வடக்கே வுட்வர்டு அவென்யூவில் ‘ட்ரீம் க்ரூஸ்’ நடக்கும். 1995-இலிருந்து நடக்கிறது, அனுமதிக் கட்டணம் இல்லை. அன்றைக்குக் கூட்டத்தில் கார்கள் ஊர்ந்துதான் போகும். அதனால் வியாழன் அல்லது வெள்ளி மாலை வாருங்கள், அப்போதே பாதிக் கார்கள் சாலையில் இருக்கும். மடக்கு நாற்காலி, தண்ணீர், தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். சாலையின் மேற்கு ஓரத்தில் இடம் பிடியுங்கள். மாலை வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும், கார்களின் பக்கவாட்டில் நேராக விழும்.